துறைமுகக் கையுறையும் சாலைக் கையுறையும்

மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு எந்தக் கையுறை ஏற்றது என்ற கேள்வி, மூலக்கொத்தளத்தில் தொடங்கி ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைத் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் சற்று வேறு விதமாகவே எழுகிறது. ஏனெனில் நகரின் மற்றப் பகுதிகளில் கையுறை கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கவேண்டிய பொருளாக இருக்க, இங்கே பல வீடுகளில் அது முன்னமே வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கன்டெய்னர் யார்டில் கொடுத்த, உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த பருத்திப் பின்னல் கையுறை, எண்ணெய் படும் வேலைக்கான நைட்ரைல் பூச்சுக் கையுறை, வெல்டிங் பட்டறையில் பயன்படும், முழங்கை வரை நீளும் கரடுமுரடான தோல் கையுறை ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று, ஷிப்ட் முடிந்ததும் கழற்றப்படாமல் அப்படியே ஆக்சிலேட்டரைப் பிடிக்கப் போய்விடுகிறது. வெயிலுக்கும் புழுதிக்கும் மறைப்பாக இருக்கிறது என்ற அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விழும்போது கையைக் காக்கும் என்ற நம்பிக்கையோடு அதை அணிபவர், ஏறத்தாழ நேர்மாறான நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருளை நம்புகிறார்.

தொழிற்கூடத்துக் கையுறையின் நற்குணங்களில் ஒன்று, வேண்டியபோது சட்டென்று கழன்று வருவது. சுழலும் உருளையிலோ சங்கிலியிலோ துணி சிக்கினால் கையும் சேர்ந்து இழுபடும் என்பதால், அத்தகைய இயந்திரங்களுக்கு அருகில் கையுறையே அணியக்கூடாது என்பது பல ஆலைகளின் விதி. அணிய அனுமதிக்கப்படும் இடங்களிலும் அது மணிக்கட்டில் வெறும் பின்னல் பிடிப்போடு, தளர்வாகவே நிற்கிறது. சாலைக் கையுறைக்கு இருக்கவேண்டிய முதல் குணமோ, எந்த நிலையிலும் கழலாமை. தார்ச்சாலையில் உள்ளங்கை உராயும்போது கையுறையின் மேல் விழும் இழுவை, அதை விரல்நுனிப் பக்கமாக உருவி எறியவே பார்க்கும். உருவி எறியப்பட்ட கையுறை எவ்வளவு தடித்த தோலானாலும் அதன் வேலை அந்தக் கணத்தோடு முடிந்துவிடுகிறது.

விழுதலின் இயக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஹேண்டில்பார் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கிருந்து கை தரையைத் தொட அரை விநாடிகூட ஆவதில்லை, தொடும்போது அதன் கீழ்நோக்கிய வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் வண்டியின் வேகம் வரவே இல்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது. பேசின் பாலத்தருகே நெரிசலில் ஊர்ந்து போகிற வண்டி சாய்ந்தாலும், எண்ணூர் விரைவுச்சாலையில் ஐம்பதில் போகிற வண்டி சரிந்தாலும், கை தரையில் மோதும் அடி கிட்டத்தட்ட ஒன்றே. வேகம் கூடும்போது அதன்பின் வரும் சறுக்கலே நீள்கிறது: மணிக்கு 40 கிலோமீட்டரில் விழுந்தவர் உலர்ந்த தார்ச்சாலையில் பத்து மீட்டர் அளவுக்கு, ஏறத்தாழ இரண்டு விநாடி இழுபடக்கூடும். ஆகவே கையுறை செய்யவேண்டிய வேலை இரண்டு. முதலில் வருவது அடி, பின்னர் வருவது உராய்வு. பருத்திப் பின்னல் இரண்டாவதன் தொடக்கத்திலேயே கிழிந்துவிடும், முதலாவதைப் பற்றி அது ஒன்றும் செய்வதற்கில்லை.

அடி பெரும்பாலும் விழும் இடம் உள்ளங்கையின் அடிப்பகுதி. விழுகிற எவரும் தம்மை அறியாமல் கையை நீட்டி ஊன்றுவதால், மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளில் கட்டைவிரல் பக்கமாக அமைந்த ஸ்கேஃபாய்டு என்னும் படகெலும்பு, ஊன்றலின் அழுத்தத்தை மிகுதியாகத் தாங்கி முறிகிறது. இவ்வெலும்புக்கு இரத்தம் விரல்பக்க முனையிலிருந்து உள்ளே நுழைந்து பின்னோக்கிச் செல்கிறது என்பதால், நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு இரத்தம் குறைந்துபோய், கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆவதும், சில வேளைகளில் கூடாமலே போவதும் உண்டு. வீக்கம் பெரிதாக இல்லாததால் வெறும் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவி விட்டுவிடுவது வழக்கம். பளு தூக்கும் தொழிலாளிக்கு இதைவிடக் கெட்ட நேரம் வேறில்லை. நல்ல சாலைக் கையுறைகளில் உள்ளங்கையின் அடியில் வழுவழுப்பான, கெட்டியான ஒரு சிறு தகடு பதிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. தோல் தாரைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. கை அங்கேயே நின்றுவிட, உடல் மட்டும் முன்னோக்கிப் போனால் மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்து முறியும். தகடு அந்தப் பிடிப்பைத் தளர்த்தி, கையை உடலோடு சேர்ந்து சறுக்க விடுகிறது. ஸ்லைடர் என்று கடைகளில் சொல்லப்படுவது இந்தத் தகடுதான். முட்டியின் மேல் பளபளக்கும் கார்பன் ஓட்டைப் பார்த்து விலை பேசுகிறவர்களில் பலர் கையுறையைத் திருப்பி இதைப் பார்ப்பதே இல்லை.

கைக்காயம் என்னும் பொருளில் மூலக்கொத்தளத்துக்கு அயலில் ஒரு தனி வரலாறே இருக்கிறது. தமிழ்நாட்டில் மூலக்கொத்தளம் என்றதும் மொழிப்போரில் உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடம் முதலில் நினைவுக்கு வருவது இயல்பே. அதற்கு நடந்தே போகும் தொலைவில், பழைய ஜெயில் ரோட்டில், மூத்த தலைமுறையினர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிவந்த ஸ்டான்லி மருத்துவமனை நிற்கிறது. துறைமுகமும் அச்சகங்களும் லேத் பட்டறைகளும் ரயில்வே பணிமனைகளும் சூழ்ந்த இந்தப் பகுதியிலிருந்து நசுங்கிய, அறுபட்ட கைகள் வந்து குவிந்த நிலையில், மருத்துவர் ஆர். வெங்கடசாமி 1970-களில் அங்கே கைக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். அது பின்னர் கை ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்குமான நிறுவனமாகவே ஆனது. விரல்நுனி சாய்வாக வெட்டுப்பட்டால், அதே விரலின் தோலிலிருந்து முக்கோண வடிவில் ஒரு பகுதியைப் பெயர்த்து நகர்த்தி நுனியை மூடும் முறையை வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் 1980-இல் ஓர் அமெரிக்க ஒட்டறுவை இதழில் வெளியிட்டனர். அந்த முறை இன்று உலகெங்கும் கை அறுவைப் பாடத்தில் இடம்பெறுகிறது. விரல்நுனியின் தொடு உணர்வை மீட்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்க்கு, நுனிகளைத் திறந்து விட்டுவிடும் அரைக் கையுறை இங்கே இவ்வளவு விரும்பி வாங்கப்படுவது சற்று வியப்பாகவே இருக்கும். உணவு விநியோகிக்கும் இளைஞர்கள் கைபேசித் திரையைத் தொடவேண்டும் என்பதற்காக அதை வாங்குகிறார்கள். திரையை உணரும் நூல் கோத்த ஆள்காட்டி விரலோடு முழுக் கையுறைகள் கிடைக்கத் தொடங்கிய பிறகு அந்தக் காரணமும் நிற்பதில்லை.

இந்தியச் சட்டத்தில் கையுறைக்கு இடமில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது, அதற்கு ஐஎஸ் 4151 என்னும் தரநிலையும் ஐஎஸ்ஐ முத்திரையும் உண்டு. கையைப் பற்றி அந்தப் பிரிவு பேசுவதில்லை. ஆகவே வாங்குபவர் நம்பக்கூடிய அளவுகோல் ஐரோப்பாவில் வகுக்கப்பட்டு 2015-இல் திருத்தப்பட்ட இஎன் 13594 என்னும் தரநிலைதான். மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கென்றே எழுதப்பட்ட இது கையுறைகளை இரண்டு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக் கையுறை மணிக்கட்டைத் தாண்டிக் குறைந்தது 15 மில்லிமீட்டரும், இரண்டாம் நிலையுடையது 50 மில்லிமீட்டரும் நீளவேண்டும். பட்டையை இறுக்கிக் கட்டியபின் முதலாவது 25 நியூட்டன், இரண்டாவது 50 நியூட்டன் இழுவிசைக்குக் கழலாமல் நிற்கவேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ, ஐந்து கிலோ எடை தொங்கினால் ஏற்படும் இழுப்புக்கு. உள்ளங்கைப் பொருள், விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் கரடான உப்புத்தாள் பட்டையின் மேல் அழுத்தப்பட்டு, முதல் நிலையில் 4 விநாடியும் இரண்டாம் நிலையில் 8 விநாடியும் ஓட்டை விழாமல் தாங்கவேண்டும். விரல்முட்டிக் காப்பு சோதனையில் தேறியதைக் குறிக்கும் கேபி என்ற எழுத்துகள் முதல் நிலையில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டாம் நிலையில் அந்தக் காப்பு கட்டாயம்.

இவையெல்லாம் கையுறையின் உட்புறம் தைத்த சிறு துணிச்சீட்டில், மோட்டார் சைக்கிளில் அமர்ந்த ஓட்டியின் சிறு படத்தோடு அச்சிடப்பட்டிருக்கும். கடைகளில் அதைவிட அதிகம் கண்ணில் படுவது வேறொரு சீட்டு: கேடயத்துக்குள் சுத்தியல் வரைந்து, அதன் கீழ் நான்கு எண்களும் சில வேளை ஒன்றிரண்டு ஆங்கில எழுத்துகளும் போட்டது. அது இஎன் 388, தொழிற்கூடக் கையுறைக்கான தரநிலை. வடசென்னையில் குழப்பம் நேர்வது இங்கேதான். தேய்மானத்துக்கு அதிகபட்ச மதிப்பான 4 என்ற எண்ணை அந்தச் சீட்டில் பார்த்தவர், சாலைக்கும் இதுவே போதும் என்று எண்ணுவது இயற்கை. ஆனால் அந்த 4, மெதுவாக முன்னும் பின்னும் தேய்க்கும் இயந்திரத்தில் 8000 சுற்றுகளைத் தாங்கியதைக் குறிக்கிறது. மூட்டை தூக்குவதற்கும் இரும்புத் தகட்டை நகர்த்துவதற்கும் அது பொருத்தமான சோதனை. ஒரே நொடியில் எட்டு மீட்டர் ஓடும் தாள்பட்டையில் அதே பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை. கழலாமையோ, அங்கே சோதிக்கப்படுவதே இல்லை. இரண்டு சீட்டும் ஐரோப்பிய முத்திரையோடு வருவதால் கடைக்காரர்களே சில சமயம் இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்கிறார்கள்.

கழலாமையைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, உடன் வந்தவர் ஒருவர் போதும். கையுறையை அணிந்து, மணிக்கட்டுப் பட்டையை வழக்கமாகக் கட்டும் அளவுக்குக் கட்டிக்கொண்டு, கையைத் தளர விட்டபின், நான்கு விரல்நுனிகளையும் சேர்த்துப் பிடித்து மற்றவர் நன்றாக இழுக்கவேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதி பட்டையைத் தாண்டி நகர்ந்தால் அந்தக் கையுறையை வைத்துவிடலாம், அதன் மற்றச் சிறப்புகளைக் கேட்கவே வேண்டாம். பட்டை எங்கே அமைந்திருக்கிறது என்பது இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: மணிக்கட்டின் மிகக் குறுகிய இடத்தில், முழுச்சுற்றாக வளைந்து வந்து ஒட்டினால் அது பிடிக்கும், மலிவான கையுறைகளில் இருப்பதைப் போலப் புறங்கைப் பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒட்டுகிற வெல்க்ரோ, வெறும் மூடியே தவிரக் கட்டு அல்ல. வெல்க்ரோவின் கொக்கிகளில் பஞ்சும் மணலும் அடைந்து பிடிப்புக் குறைவது திருவொற்றியூர்ப் புழுதியில் சீக்கிரமே நடக்கும். பழைய பல் துலக்கியால் மாதம் ஒருமுறை சுரண்டி எடுத்தால் திரும்பப் பிடிக்கும்.

அடுத்தது தோல். இதில் சென்னைவாசிக்கு வெளியூர்க்காரரைவிட வசதி அதிகம், ஏனெனில் மூலக்கொத்தளத்திலிருந்து சென்ட்ரலைக் கடந்தால் பெரியமேடு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிலுக்கு நெடுங்காலமாகச் சந்தையாக இருந்துவருவது அது. தென்னிந்தியத் தோல் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்டுக் கப்பலேறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் சென்னையில் நடத்திய சோதனைகளைத் தொடர்ந்து குரோமிய உப்பால் பதனிடும் முறை வேரூன்றியது, குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததும் அவ்வழியாகத்தான். கையுறைக்கு ஏற்றது குரோம் தோலே. பட்டைத் தோல் நனைந்து வெயிலில் காய்ந்தால் விறைத்துச் சுருங்கும். குரோம் தோல் வியர்வையிலும் மழையிலும் மீண்டும் மீண்டும் நனைந்தாலும், சூடுபடாமல் காய வைத்தால், பெரிதும் மென்மை குன்றாமல் இருக்கும்.

விலங்கின் வகையைவிடப் படலம் முக்கியம். மாட்டுத்தோல் தடிப்பாக இருப்பதால் அதைக் கிடைமட்டமாக இரண்டாகவோ மூன்றாகவோ பிளப்பார்கள். மயிர் இருந்த மேல்படலமான கிரெய்னில் நார்கள் நெருங்கிப் பின்னிக் கிடக்கும், அடியில் மிஞ்சும் ஸ்பிளிட்டில் அவை தளர்ந்திருக்கும். வெல்டிங் கையுறை பெரும்பாலும் ஸ்பிளிட்டில் செய்யப்படுவது வெப்பத்துக்கும் பொறிக்கும் அது போதுமானது என்பதால். அதே ஸ்பிளிட்டின்மேல் பிளாஸ்டிக் பூச்சுப் பூசி, தோல்வரி அச்சிட்டு, சாலைக் கையுறையாக விற்பதும் உண்டு. அறுத்த விளிம்பைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு எளிதில் புலப்படும்: கிரெய்ன் தோலின் விளிம்பில் மேற்பரப்பு வரை நார் தொடர்ந்து ஓடும், பூச்சுத் தோலில் மேலே வழுவழுவென்று ஒரு மெல்லிய கோடு தனியாகத் தெரியும், ரெக்சினில் அடியில் நெய்த துணியே தெரியும். ஆட்டுத்தோல் மெல்லியதாக இருந்தும் அந்தத் தடிப்புக்குக் கிழிவதில் கெட்டியானது, விரல்களுக்கும் புறங்கைக்கும் அது இதம். உள்ளங்கையில் மட்டும் மாட்டுத்தோலோ, ஆட்டுத்தோலை இரட்டை மடிப்பாகத் தைத்ததோ இருப்பது நல்லது. அந்த இரண்டாவது மடிப்பைப் பிடித்திருக்கும் தையல் வெளியே துருத்திக்கொண்டு ஒற்றை வரிசையாக ஓடினால், சாலை முதலில் தின்பது நூலைத்தான்; நூல் போனபின் தோலின் தரத்தால் பயனில்லை. கையுறையை உட்புறம் திருப்பி, விரலிடைத் தையல்களை இரு கட்டைவிரலாலும் விரித்துப் பார்த்தால், ஊசித்துளைகள் வாயைப் பிளக்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும்.

சென்னையின் வெப்பத்தை மறந்து எழுதப்படும் எந்தப் பரிந்துரையும் இங்கே செல்லாது. கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை உலர்வதில்லை. உள்ளங்கை வழுக்கும், உள்துணி கையோடு ஒட்டிக்கொண்டு கழற்றும்போது வெளியே வந்துவிடும், அதன் விரல்களை மறுபடி உள்ளே தள்ளுவதற்குள் சிக்னல் விழுந்துவிடும். குளிர்நாட்டுச் சுற்றுலா ஓட்டிகளுக்கான, நீர்புகாச் சவ்வு வைத்த நீள்கைக் கையுறையை, மேலான நிலை என்ற ஒரே காரணத்துக்காக, ராயபுரத்திலிருந்து மணலிக்குத் தினமும் போய்வருகிறவருக்கு எடுத்துக்கொடுப்பது சரியான ஆலோசனை ஆகாது. இப்பகுதியின் தினசரி ஓட்டத்துக்கு ஏற்றது, முதல் நிலையும் கேபி குறியும் பெற்ற குட்டைக் கையுறை: உள்ளங்கை முழுக்கத் தோல், அடியில் ஸ்லைடர், சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில் கூடுதல் மடிப்பு, புறங்கையிலும் விரலிடையிலும் மட்டும் காற்றுப் புகும் வலைத்துணி. துளையிட்ட தோல் வேண்டுமானால் துளைகள் புறங்கையில் இருக்கட்டும், உள்ளங்கையில் வேண்டாம். சனி, ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ கொல்கத்தா நெடுஞ்சாலையிலோ வேகமாகப் போகிறவருக்கு இரண்டாம் நிலைக் கையுறை இன்னொன்றாக இருப்பது நியாயம். ஒரே கையுறையில் இரண்டையும் சாதிக்கலாம் என்று விளம்பரங்கள் சொல்வது ஏற்கத்தக்கதாக இல்லை.

வடகிழக்குப் பருவமழை மாதங்களுக்கு நீர்புகாக் கையுறை தேவையா என்ற கேள்விக்கு, தேவையில்லை என்பதே பதில். சென்னை மழையில் நனைந்த கை விறைப்பதில்லை, வழுக்கத்தான் செய்யும். காசிமேட்டில் ஐஸ் பெட்டியை இறக்கிய ஈரக் கையோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லை ஓட்டுகிறவர் ஒருவரைக் கேட்டாலே இது விளங்கும். அவருக்குப் பயன்படுவது, உள்ளங்கையிலும் பிரேக் விரல்களிலும் சிலிக்கான் பிடிமானக் கோடு வைத்த, சீக்கிரம் காயும் கையுறை.

திருவொற்றியூரில் கையுறையைப் பற்றிப் பேசும்போது புல்லட்டைத் தவிர்ப்பதற்கில்லை. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை இவ்வூரில் அமைந்து, தலைமுறைகளாக இப்பகுதியினருக்கு வேலை கொடுத்தது. ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வு கைக்குள் ஏறுவது இங்கே எல்லோருக்கும் பழகிய செய்தி. அந்த அதிர்வைக் குறைப்பதற்கென்று உள்ளங்கையில் ஜெல் வைத்த கையுறைகள் வருகின்றன. மெல்லிய ஜெல் உதவும், தடித்த ஜெல் கெடுக்கும்: கிரிப்பின் விட்டம் கூடியதைப் போலாகி, பிடிக்கும் தசைகள் எப்போதும் இறுகியே இருக்கவேண்டி வருவதால் முன்கை சோர்ந்துவிடும். கிளட்ச் கனமான பழைய வண்டிகளில், பேசின் பாலத்து நெரிசலில், இந்தச் சோர்வு அதிர்வைவிடத் தொல்லை.

அளவெடுப்பதில் தவறு நேர்வது, தளர்வாக இருந்தால் காற்றோட்டமாக இருக்கும் என்ற எண்ணத்தால். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல்முட்டிகளின் மேல் உள்ளங்கையைச் சுற்றித் தையல் நாடாவால் அளக்கவேண்டும். சுற்றளவு 203 மில்லிமீட்டர், அதாவது எட்டு அங்குலம், இருந்தால் ஐரோப்பிய அளவில் 8. ஒரே அளவிலும் விரல் நீளம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் அணிந்து பார்க்காமல் வாங்குவது சூதாட்டம். நின்றபடி அணிந்து பார்ப்பதிலும் பயன் குறைவு. கையை நீட்டி வைத்திருக்கும்போது சரியாகத் தெரியும் கையுறை, கிரிப்பைப் பிடித்து விரல் மடங்கியதும் நுனியில் இறுகும், அல்லது உள்ளங்கையில் சுருக்கம் விழுந்து பெருவிரல் மடியில் அழுத்தும்; ஆகவே நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து, பிரேக்கையும் கிளட்சையும் இரண்டு விரலால் பத்துப் பதினைந்து முறை அழுத்தி, இண்டிகேட்டர் பொத்தானைப் பார்க்காமல் தடவிக் கண்டுபிடித்துப் பார்க்கவேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் வாசலிலேயே வண்டி நிற்கும், கேட்டால் மறுப்பவர் குறைவு.

இவ்வளவு பார்த்து வாங்குவதால் உண்மையில் பயனுண்டா என்பதற்கு ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் விபத்துக்குள்ளான 212 ஓட்டிகளிடம் லிஸ் டி ரோமும் உடனாய்வாளரும் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு பதில் தருகிறது. மோட்டார் சைக்கிள் கையுறை அணிந்திருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, அணியாதவர்களுடையதில் ஐந்தில் இரண்டு பங்கே இருந்தது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: விபத்துக்குப் பின் பரிசோதிக்கப்பட்ட கையுறைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, தையல் விட்டோ பொருள் கிழிந்தோ தோற்றுப்போயிருந்தது. தரச்சோதனையைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் இந்த நான்கில் ஒன்றைக் கருதித்தான்.

பராமரிப்பில் சொல்ல அதிகமில்லை. வியர்வையின் உப்பு தோலில் வெள்ளைப் படிவாக உலர்ந்து அதை மொரமொரப்பாக்கும் என்பதால், கோடையில் மாதம் இருமுறையேனும் கையில் அணிந்தபடியே நல்ல தண்ணீரில் மென்மையான சோப்பால் கழுவி, பிழியாமல், நிழலில் விரல்கள் கீழ்நோக்கித் தொங்கவிடவேண்டும்; மொட்டைமாடி வெயிலும் சூடான என்ஜின் மேற்பரப்பும் தோலுக்கு ஆகாதவை. பாதி காய்ந்தபோது ஒருமுறை அணிந்து விரல்களை மடக்கி விரித்தால் வடிவம் கெடாது. மழைக்காலத்தில் டிக்கியில் பூட்டி வைத்த கையுறையில் ஓரிரு வாரத்தில் பூஞ்சணம் பூக்கும், அதைத் துடைத்துவிடலாம், ஆனால் அது தையல் நூலுக்குள் இறங்கியிருந்தால் நூல் இற்றுப்போயிருக்க வாய்ப்புண்டு. ஒருமுறை தரையில் சறுக்கிய கையுறையை, மேலே கீறல் மட்டுமே தெரிந்தாலும், ஸ்லைடரைச் சுற்றிய தையலையும் சுண்டுவிரல் ஓரத்தையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகே மறுபடி அணியவேண்டும். அங்கே ஒரு கண்ணி விட்டிருந்தாலும் அதைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுப்போட்டு வாங்குவதைவிட, செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் வண்டியின் செயினுக்கு எண்ணெய் போடவும் வைத்துக்கொள்வதே தகும். செயினுக்கு எண்ணெய் போடும்போது என்ஜினை அணைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றவேண்டும் என்பது தனியே சொல்லவேண்டியதில்லை எனினும், ஓடும் செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையில் விரலைக் கொடுத்தவர்களை ஸ்டான்லியின் கைப்பிரிவு நன்றாகவே அறியும்.